குடத்து மூடி

விருத்தாசலம்,
9 ஜூன் 2023

ஏ நாயகி,

அப்ப நான் ஏமாத்துக்காரன், அதான? "ஒங்கப்பனுக்குப் பொய்யும் மூச்சும் ஒண்ணுதான்"னு மவ கிட்ட சொல்லியிருக்கிற. பெனினா அத போன்ல சொல்ல, பக்கத்து வூட்டுக் கொளஞ்சியம்மா கேட்டுக்கினு வந்து, என் செவிட்டுக் காதுக்கு எட்டாதுன்னு சாக்பீஸால செவுத்துல எழுதிக் காட்டிச்சு. ஒன் ஏச்சு நம்ம வூட்டுச் செவுத்துல வெள்ளையா நிக்குது. நான் அழிக்கல. எழுத வெச்சவ நீ. நீயே வந்து அழி.

ஆமா, பாண்டியில எழுப்புதல் ஜெபக் கூட்டம்னு சொல்லி ஒன்ன பஸ்ஸு ஏத்துனது நான்தான். எறங்குன எடம் ஆஸ்பத்திரி. அங்கயும் கூட்டந்தான நாயகி? ஜனங்க அழுவுது, பேரு சொல்லிக் கூப்புட்டா எழுந்து போவுது, வெளிய வரும்போது மொகம் மாறிப்போயி வருது. பாட்டு மட்டும் இல்ல. அதுக்குன்னு நடு வராண்டாவுல என் கைய ஒதறிட்டு, வேப்பூரு பஸ்ஸப் புடிச்சி மவ வூட்டுக்குப் போயிடுவியா? டாக்டரம்மா வெளிய வந்து "பேஷண்ட் எங்க?"ன்னு வாயசைக்குது. நான்தான்னு சட்டையத் தூக்கிக் காட்டுனேன். வேற என்னா பண்ணுவேன்?

கட்டி இன்னும் மாருல மட்டுந்தான் இருக்குது, இப்பவே அறுத்துட்டா பொழச்சிக்கலாம்னு அந்தம்மா நம்ம ஊர்ல எடுத்த ஸ்கேனப் பாத்துட்டு எனக்குத் தாள்ல எழுதிக் குடுத்துச்சு. நீ என்னா சொல்ற? கர்த்தர் கூப்புட்டுட்டாரு, போவணும்ங்கற. எதுல கூப்புட்டாரு? வருஷப் பொறப்பு ஆராதனையில தாம்பாளத்துல வாக்குத்தத்த அட்டைங்களக் கவுத்து வெச்சிருந்தாங்க, ஆளுக்கு ஒண்ணு எடுத்தோம். ஒனக்கு வந்தது, ஒன்ன வூட்டுல கொண்டாந்து சேப்பேங்கற மாதிரி ஒரு வசனம். அன்னிலேர்ந்து மூட்ட கட்டிக்கினு நிக்கிற. ஏண்டி, அதே அட்டைதான் நம்ம சபைத் தங்கதுரைக்கும் வந்துச்சு. அவன் அஸ்திவாரம் தோண்டி, சிமெண்டு மூட்ட எறக்கி, வூடு கட்டிக்கினு இருக்கான். பிரஸ்ஸுக்காரன் ஒரே வசனத்த நூறு அடிச்சான்னா நூறு பேரும் சாவணுமா?

எழுத்துதான் வேணும்னா நம்ம வூட்டுத் தண்ணிக் கொடத்து மேல பாரு. நம்ம பையன் எபி ஆத்துப் பள்ளத்துல முழுவிப் போன வருஷம், அவன் கல்லறைக்குக் கம்பெனியில பீங்கான் பலகை செஞ்சேனே, மீந்த மண்ணுல நமக்கும் ரெண்டு செஞ்சேன். என்னுதுல "சத்தம் போடாதீங்க, தூங்குறாரு". ஒன்னுதுல பேரு, பொறந்த வருஷம், செத்த வருஷம் 2061. நீ ஒரு வாரம் எனக்கு மொகம் குடுக்கல. அப்பறம் அளவு சரியா இருக்குதுன்னு கொடத்துக்கு மூடியாக்கிட்ட. தெனம் ஒன் சாவ ஒரு கையில தூக்கிப் புடிச்சிக்கினுதான் தண்ணி மொள்ளுவ. இப்ப சொல்லு. அட்டை காகிதம். இது சூளையில வெந்தது. எது நிக்கும்?

திங்கக்கெழம வரேன். பொட்டியக் கட்டி வையி.

சாமிக்கண்ணு
("கர்த்தருக்குள்" போடல. நீ போட்டுக்க.)


வேப்பூர்,
15 ஜூன் 2023

கர்த்தருக்குள் அன்பான பெனினா அப்பாவுக்கு,

கிருபாமணி எழுதுவது. என் பெயர் அதுதான். ஞானஸ்நானம் எடுத்து நாற்பது வருஷம் ஆகியும் நீங்கள் ஒருவர்தான் நாயகி, நாயகி என்று என்னைப் பின்னாலேயே இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

திங்கட்கிழமை வந்தீர்கள். நான் ஜெபத்தில் இருக்கிறேன் என்று மாப்பிள்ளை சைகை காட்டினது பொய் இல்லை. கதவுக்குப் பின்னால் நின்று ஜெபித்துக்கொண்டுதான் இருந்தேன். நீங்கள் மாப்பிள்ளை கடையில் உட்கார்ந்து நாலு பரோட்டா சாப்பிட்டுவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். சர்க்கரை இருக்கிற மனுஷன். கேட்க ஆள் இல்லை என்றதும் நாலு பரோட்டா.

நீங்கள் கேலி செய்வது எனக்குப் பழக்கம். ஆனால் ஆண்டவர் பெயரைச் சொல்லி என்னைப் பஸ் ஏற்றினீர்களே, அது என்னால் தாங்க முடியவில்லை. வழியெல்லாம் பாடிக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட்டீர்கள். உங்களுக்குக் காது கேட்காது, ஆனாலும் போட்டீர்கள்.

நான் இந்த உலகத்தில் வாடகைக்கு இருப்பவள். வீட்டுக்காரர் சாவியைக் கேட்டால் கொடுத்துவிட வேண்டியதுதான். கத்தி, ஊசி, மொட்டைத் தலை என்று இன்னும் நாலு வருஷம் வாங்கி என்ன செய்யப் போகிறேன்?

எபி போன அன்று நான் அழவில்லை என்று உங்கள் அக்கா ஊரெல்லாம் சொன்னார்கள். அவனைத் திரும்பப் பார்ப்பேன் என்று நம்பினதால்தான் அன்றைக்கு எழுந்து உலை வைத்தேன். மறுநாளும் வைத்தேன். இன்றுவரை வைக்கிறேன். அந்த நம்பிக்கை இல்லாமல் இருந்திருந்தால் அவன் பின்னாலேயே அந்தப் பள்ளத்தில் இறங்கியிருப்பேன். இப்போதுதான் கதவு கொஞ்சம் திறக்கிறது. அதைப் போய்ச் சாத்தச் சொல்கிறீர்கள்.

எனக்குச் சாகப் பயம் இல்லை. பயம் ஒன்றுதான். நீங்கள் அங்கே வந்து சேருவீர்களா? எல்லாவற்றையும் விளையாட்டாக்கினவர் அந்த வாசலிலும் நின்று விளையாட்டுக் காட்டினால், உங்களை உள்ளே விடுவார்களா? இதை நினைத்தால்தான் தூக்கம் வருவதில்லை.

மாத்திரை நீல டப்பாவில் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றில்.

கிருபாமணி


விருத்தாசலம்,
21 ஜூன் 2023

நாயகி,

மூணு பரோட்டா. மாப்பிள்ள கணக்கு அவன் கடை மாதிரியே.

வாடக வூடுன்னு எழுதியிருக்கிற. சரி. வாடக வூட்ட எவளாச்சும் தெனம் ரெண்டு தரம் கூட்டுவாளா? பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடிப்பாளா? கொல்லையில முருங்க நட்டிருக்கிற. நாளைக்குக் காலி பண்றவ முருங்க நடுவாளா, சொல்லு பாப்போம். நீ சொந்த வூட்டுக்காரி மாதிரிதான் இங்க குடித்தனம் பண்ணுன. எனக்குத் தெரியும், ஒன் ஆண்டவருக்கும் தெரியும்.

எபிய பத்தி எழுதுன எடத்த நிறைய தரம் படிச்சேன். அதுல ஒன்னக் கேலி பண்ண எனக்கு வாய் வரல. ஒண்ணு மட்டும் கேக்கறேன். அங்க ராவும் இல்ல பகலும் இல்ல, நேரமே கெடயாதுன்னு ஞாயித்துக்கெழம வகுப்புல புள்ளைங்களுக்கு நீதான சொல்லிக்குடுத்த? ஒரு பொடியன் கூட "அப்ப லஞ்ச் பெல்லு எப்ப அடிக்கும் டீச்சர்"னு கேட்டான்னு வந்து சொன்னியே. அப்ப எபி அங்க காத்துக்கினு இல்ல நாயகி. காத்துக்கினு இருக்க அங்க நேரம் வேணும்ல? நீ நேத்தே போயிருந்தாலும், அந்தப் பலகையில போட்ட வருஷம் போனாலும் அவனுக்கு ஒண்ணுதான். திரும்பிப் பாப்பான், அம்மா நிக்கும்.

நேரம் ஓடறது இந்தப் பக்கந்தான். வெடியுது, வெயிலு ஏறுது, எறங்குது, திரும்ப ராவு ஆவுது. இங்க ஒருத்தன் குந்திக்கினு இருக்கான். அவனுக்குக் காதும் இல்ல. கம்பெனியில மண்ணு அரைக்கிற மில்லு பக்கத்துல நின்னு நின்னு போன காது இனி வரப்போறதில்ல. மத்தவங்க வாயசைச்சா பாதி புரியும், பாதி புரிஞ்சாப்பல தலையாட்டுவேன். ஒன் வாயி ஒண்ணுதான் எனக்கு முழுசாப் படிக்க வரும். நீ திட்டும்போது கீழ் ஒதடு கோணும் பாரு, அது கூட எழுத்து மாதிரி தெரியும். நீ போயிட்டியானா எனக்கு உலகமே வாய மூடிக்கும்.

போனவனுக்கு அம்மா வேணும், சரி. இருக்கறவனுக்கு?

அங்க வருவேனான்னு கேட்டிருக்கிற. தெரியல. நான் பொறந்த கிறிஸ்தவன், நீ என்னக் கட்டிக்கினதுக்கு அப்பறம் சேர்ந்தவ. வந்தவ முன்வரிசைக்குப் போயிட்ட, பொறந்தவன் வாசல்ல செருப்புக்குக் காவல் நிக்கிறேன். சபைக்கே நான் ஒன் முந்தானையப் பாத்துக்கினுதான் வந்தேன். எனக்கு வேற வழி தெரியாது. நீ முன்னாடி போயிட்டா நான் எதப் பாத்துக்கினு வருவேன்?

மாத்திர தின்னுட்டேன். இட்லிக்கு அப்பறம்.

சாமிக்கண்ணு


வேப்பூர்,
27 ஆகஸ்ட் 2023

பெனினா அப்பாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த நாளிலிருந்து பதில் எழுத உட்காருகிறேன், எழுந்துவிடுகிறேன். நீங்கள் நடுவில் எழுதின இரண்டையும் பிரிக்கவே இல்லை. பிரித்தால் சிரித்துவிடுவேன் என்று பயம்.

அங்கே நேரம் இல்லை என்று நான் எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதை எடுத்து எனக்கே திருப்பிக் கொடுக்க ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தின நீங்கள் வரவேண்டியிருந்தது. எபி காத்திருக்கிறான், காத்திருக்கிறான் என்றே இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்தேன். அவன் காத்திருக்கவில்லை என்றால் நான் யாருக்காக இப்படி ஓடினேன்? இதை ஆண்டவரிடம் சண்டையாகவே கேட்டேன். பிறகு சொன்னேன்: அம்மா கொஞ்சம் தாமதமாக வருவாள் என்று அவனிடம் சொல்லிவிடுங்கள் என்று.

அறுத்துக்கொள்ள வருகிறேன். பெனினா பாண்டிக்கு அழைத்துப் போகிறாள். நீங்கள் வந்து பஸ் ஏற்ற வேண்டாம், நேராக அங்கே வாருங்கள். கூட்டம் என்று யாரிடமும் சொல்ல வேண்டாம். ஆஸ்பத்திரி என்றே சொல்லுங்கள்.

முதுகில் ஒரு வலி இருக்கிறது, மல்லாந்து படுக்க முடியவில்லை. ஒரு மாதமாக. பெனினாவிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள்.

கிருபாமணி


பாண்டிச்சேரி, பெண்கள் வார்டு,
4 அக்டோபர் 2023

என்னங்க,

உள்ளே ஆண்களை விடமாட்டேன் என்கிறார்கள். நீங்கள் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நிற்பது ஜன்னலில் தெரிந்தது. வாட்ச்மேனிடம் ஏதோ கேலி செய்தீர்கள், அவர் சிரித்தார். பிறகு அவர் போனதும் உங்கள் முகம் மாறினதையும் பார்த்தேன்.

அறுக்க முடியாதாம். எலும்புக்கும் ஈரலுக்கும் போய்விட்டதாம். ஜூன் மாதமே வந்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டரம்மா பெனினாவைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மிச்சத்தை நான் எனக்குள் சொல்லி முடித்தேன். தினமும் சொல்லி முடிக்கிறேன்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன், பாஸ்டர் வந்தால் சொல்லாதீர்கள். ஜெபிக்கக் கண்ணை மூடினால் ஒன்றும் இல்லை. திறந்தால் மின்விசிறி. நாற்பது வருஷம் மேலே பார்த்து நடந்தவள் நான். இப்போது மேலே வா என்றால், கீழே கிடக்கிற ஒவ்வொன்றும் கையைப் பிடிக்கிறது. கருவாட்டுக் குழம்பு சாப்பிட வேண்டும் போலிருக்கிறது. முருங்கை பூத்திருக்குமே என்று நினைப்பு வருகிறது. அடுத்த கட்டிலில் இருந்த ஸ்ரீமுஷ்ணத்து அம்மா நேற்றுக் குணமாகி வீட்டுக்குப் போனார்கள். வாழ்த்திப் பழம் கொடுத்து அனுப்பினேன். போனதும் அந்தம்மா மேல் எனக்கு வந்த பொறாமையை என்னவென்று எழுதுவது?

இன்னொன்று. எபி முகம் ஞாபகம் வரவில்லை. சட்டை வருகிறது. முகம் வரவில்லை. அவனையும் பார்க்க முடியாமல், உங்களுடனும் இருக்க முடியாமல் நடுவில் எங்கேயோ நின்றுபோய்விடுவேனோ?

அந்தக் குடத்து மூடியை உடைத்துப்போட்டுவிட்டுச் சரியான வருஷம் போட்டு வேறு செய்து வையுங்கள். பொய்யை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது.

பெரியநாயகி


விருத்தாசலம்,
9 அக்டோபர் 2023

கிருபாமணிக்கு,

பேர மாத்திக் கையெழுத்துப் போட்டிருக்கிற. நாப்பது வருஷம் நாயகி, நாயகின்னு கூப்புட்டேன், அப்பெல்லாம் வரல. இப்ப பயந்துக்கினு வந்து அந்தப் பேருக்குள்ள ஒளியற. வேணாம். கிருபாமணின்னே போடு. நீ நம்பாட்டி நான் யாரக் கேலி பண்றது? ரெண்டு பேரும் வாசல்ல செருப்புக்குக் காவல் நின்னா உள்ள போறது யாரு?

எபி மொகந்தான? எழுதிக்க. ஒன் மூக்கு. என் காது, அதுல எடப்பக்கம் இரும்பு கேட்டுல இடிச்ச தழும்பு. சிரிச்சா மேல் ஈறு தெரியும், அதனால கைய வெச்சி மறச்சிக்குவான். கோவம் வந்தா ஒன்ன மாதிரியே கீழ் ஒதடு கோணும். ஆஸ்பத்திரியில கண்ணாடி இருந்தா எடுத்து என்ன ஒரு தரம் திட்டிப் பாரு. அவன் மொகம் வந்து நிக்கும்.

ஞாயித்துக்கெழம சபைக்குப் போனேன். முன்வரிசைக்கே போனேன். ஒன் பாயிலயே முட்டி போட்டேன். எழுந்துக்க முடியல, தங்கதுரை வந்துதான் தூக்குனான். ஜனங்க எனக்குப் பெரிய மனந்திரும்புதல் வந்துடுச்சின்னு அழுவுறாங்க. முட்டி புடிச்சிக்கிச்சின்னு யாரு கிட்ட சொல்றது? ஆனா கீழ இருந்தப்ப ஒண்ணு கேட்டேன். ஆண்டவரே, எனக்குக் காது கேக்காது, நீரு பதில் சொன்னாலும் எனக்குத் தெரியப்போறதில்ல. அதனால எனக்குச் சொல்ல வேணாம். அங்க பாண்டியில மின்விசிறியப் பாத்துக்கினு ஒருத்தி கெடக்கறா, அவ கிட்ட சொல்லும். அவ எனக்கு வாயசைச்சிச் சொல்லுவான்னு.

ஏதாச்சும் சொன்னாரா? சொல்லலன்னாலும் சொன்னாருன்னு எழுது. என் வூட்டுல பொய் சொல்ல ஒனக்கும் பாத்தியத உண்டு.

பலகைய ஒடைக்க மாட்டேன். வெந்தது வெந்ததுதான். அது மேல ஏதாச்சும் சொல்லணும்னா வூட்டுக்கு வந்து சொல்லு. கருவாடு வாங்கி வெக்கிறேன்.

சாமிக்கண்ணு


விருத்தாசலம், நம்ம வூடு,
3 ஜனவரி 2024

கிருபாமணிக்கு,

ஒரே அறையில இருந்துக்கினு கடுதாசி எழுதற கிறுக்கன் நான் ஒருத்தந்தான். ஒன் கட்டிலுக்கும் என் நாக்காலிக்கும் நடுவுல கை நீட்டுற தூரம். ஆனா ஒன் ஒதடு இப்ப சரியா அசைய மாட்டேங்குது. நேத்து நீ சொன்னத நான் தண்ணின்னு படிச்சிட்டேன். நீ தலையாட்டிட்டு கண்ண மூடிக்கின. அதுலேர்ந்து எனக்கு பேச பயமா இருக்குது. அதான் எழுதறேன். முடிச்சதும் மொகத்துக்கு நேரா புடிக்கிறேன். சரின்னா கண்ண ஒரு தரம் மூடு.

நீ வந்த அன்னிக்கு செவுத்துல ஒன் ஏச்சப் பாத்து சிரிச்ச. அழிக்கிறியான்னு சாக்பீஸ் தொடைக்கிற துணியக் குடுத்தேன். வாங்கல. அப்பிடியே இருக்குது. எனக்குப் பொய்யும் மூச்சும் ஒண்ணுதான். இனிமே அத வெள்ளையடிக்க நான் வுட மாட்டேன்.

வருஷப் பொறப்பு ஆராதனைக்கு நீதான் போன்னு கண்ணக் காட்டுன, போனேன். தாம்பாளம் வந்துச்சு. எனக்கு ஒண்ணு எடுத்தேன், ஒனக்கு ஒண்ணு எடுத்தேன். கண்ணாடி எடுத்துக்கினு போவல. பாஸ்டரு படிச்சிக் காட்ட கைய நீட்டுனாரு. குடுக்கல, மடிச்சி சட்டப் பையில போட்டுக்கினேன். இன்னும் பிரிக்கல. போன வருஷம் ஒண்ணப் படிச்சிட்டு நீ பட்ட பாடு போதும். இந்த வருஷம் என்னா எழுதியிருக்குதோ அது ஆண்டவருக்கும் அட்டைக்கும் உள்ளது. ஒன் தலமாட்டுல வெச்சிருக்கேன்.

பலகைய மாத்தணும்னு நேத்து கூட மூடிய நோக்கிக் கையக் காட்டுன. பெனினா அழுதுக்கினே "அம்மா சொல்றத செய்ப்பா"ன்னு எழுதிக் காட்டுறா. நான் மாட்டேன்னு சொன்னது புடிவாதம்னு நெனைக்கிற. கேளு. நாளைக்கி அந்தப் பலகைய அங்க பதிச்சா, போறவன் வரவன் படிப்பான். 2061ன்னு இருக்கும். விரல் வுட்டு எண்ணிப் பாப்பான். அட, இந்தம்மா இன்னும் உசுரோடதான் இருக்குதுன்னு நெனச்சிக்குவான். அவ்வளவு வருஷமும் அந்தக் கல்லறை முன்னாடி யாரும் ஒன்ன செத்தவன்னு சொல்ல முடியாது.

ஒன் நம்பிக்கப்படி அது பொய்யும் இல்லியே. நீ சொல்லு. நீ நாப்பது வருஷம் எனக்குச் சொன்னதே அதுதான? செத்தவங்க சாவலன்னு. நான்தான் சிரிச்சேன். இப்ப நீ பயந்துக்கினு கெடக்கற, நான் அத எழுதி ஒனக்குப் படிக்கக் குடுக்கறேன். எனக்கு அது நெசமான்னு தெரியாது. தெரியாமத்தான் அன்னிக்கு வெளையாட்டா சூளையில வெச்சேன். வெந்து வந்துடுச்சு.

மூடிய எடுத்துக் கழுவி வெச்சிருக்கேன். கொடம் தொறந்தபடி கெடக்குது. பூச்சி விழுவும்னு நீ திட்டுவன்னு பாத்துக்கினே இருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அதுக்குத்தான் இவ்வளவு சுத்தி வந்தேன். இத மட்டும் நீ பதில் சொல்லணும், கண்ணாலயாச்சும். நீ கேட்டியே, நான் அங்க வருவேனான்னு. அந்த வாசலாண்ட வந்து நிக்கும்போது எனக்கு அங்கயாவது காது

இரு. பெனினா உள்ள வந்தா. குனிஞ்சி ஒன் மூக்காண்ட வெரல வெக்கிறா. ஏன் வெக்கிறா? நீ தூங்கிக்கினு இருக்கற, நான் பாத்துக்கினுதான எழுதறேன். இப்ப அவ வாய் தொறந்திருக்குது. பெருசா தொறந்திருக்குது. பாடுறாளா, என்னா பண்றா? கொளஞ்சியம்மா வாசப்படியில வந்து நிக்கிது, அது வாயும் அசையுது. எனக்கு ஒண்ணும் கேக்கலியே. எல்லாரும் என்னப் பாக்கறாங்க.

ஏ நாயகி, எங்க எழுந்து போற. தாளுல இன்னும் பாதி எடம் இருக்குது. நான் கேக்க வந்தது என்னான்னா